சிவப்புக் கோடு வரை தண்ணீர்

எனக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட திரவம் எழுநூறு மில்லி. காப்பி, ரசம், மோர், மாத்திரையோடு விழுங்கும் மடக்கு, சர்ச்சில் திருவிருந்தின்போது நாக்கில் படும் திராட்சரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டு சிறுநீரகங்களும் பேசி வைத்துக்கொண்டு வேலையை விட்டுப் போனபோது எனக்கு ஐம்பத்தோரு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பது என் பிழைப்பு. இருபத்தெட்டு வருடமாக, மாட்டுத் தோலில் உண்ணி கடித்த புள்ளியையும் முள்கம்பி கிழித்த கோட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக் கண்டுபிடித்து, மூன்றாம் தரம் என்று தூக்கிப் போட்டவன். என் தோலுக்குள் நடந்ததை மட்டும் கவனிக்கவில்லை. மிச்ச நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். யாரும் சிரித்ததாக ஆதாரம் கிடையாது.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து பஸ் பிடித்து, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் படுத்திருப்பேன். இயந்திரம் என் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்பும். அதற்காக இடது முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் அதிரும். காதை வைத்தால் உறுமும். தோல் பதனிடும் டேனரியில் பச்சைத் தோலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் போட்டுப் பெரிய டிரம்மைச் சுற்றவிட்டால் சுவருக்கு அப்பால் கேட்குமே, அந்தச் சத்தம். ஞாயிறு ஆராதனையில் மௌன ஜெபத்துக்கு நேரம் கொடுத்தால் முழுக் கோயிலிலும் என் கை மட்டும் பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் தன் செல்போன் என்று நினைத்துச் சட்டைப் பையைத் தடவுவார்.

வலியைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. தாகத்தைப் பற்றித்தான். வேலூர் வெயிலில் எழுநூறு மில்லி. காலையில் என் மனைவி ஒரு கண்ணாடி பாட்டிலில் அளந்து ஊற்றுவாள். எதுவரை ஊற்ற வேண்டும் என்பதற்குத் தன் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தாள். ஏழு மணி, பத்து, ஒன்று, நான்கு, மறுபடி ஏழு என்று ஐந்து வேளை குடிக்கலாம். தாகம் தொண்டையில் இருப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அது காதில் இருக்கிறது. மூன்றாம் வீட்டில் குழாயைத் திறந்தால் எனக்குக் கேட்கும். பாலாற்றுப் பாலத்தில் நடந்து போகும்போது, வருஷம் பூரா மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றுக்கு அடியில் ஓடுவது கேட்கும். நின்று குனிந்து கேட்டிருக்கிறேன். போகிறவர்கள் எதையோ தொலைத்துவிட்டேன் என்று அவர்களும் குனிந்து பார்ப்பார்கள்.

என் மனைவி எனக்காக ஒளிந்து தண்ணீர் குடிப்பவள் அல்ல. எதிரில் நின்று ஒரு சொம்பு குடிப்பாள். ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாங்க, ஒளிஞ்சி குடிக்கிறதுக்கு இது இன்னா சாராயமா? நானும் படுத்துட்டா உங்கள யாரு பாக்கறது?"

பதில் இல்லாத கேள்விகளை மட்டுமே அவள் கேட்பாள்.

சபையார் வந்து ஜெபம் செய்தார்கள். வேதாகமத்தில் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு சாம்பலில் உட்கார்ந்திருப்பாரே ஒரு நல்ல மனிதர், வந்தவர்கள் ஒவ்வொருவரும் பொறுமைக்கு உதாரணமாக அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். போகும்போது அவரை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடிய பிறகு, லெந்து என்ற நாற்பது நாள் நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு முடிவுக்கு வந்தேன். ஈஸ்டர் வரை டயாலிசிஸ் போவது. அதற்குப் பிறகு போகாமல் இருந்துவிடுவது. நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. இதைத் தற்கொலை என்று நான் நினைக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போகாமல் வீட்டில் இருப்பது, அவ்வளவுதான். ரயில் தன்பாட்டுக்குப் போய்விடும். ஈஸ்டர் வரை என்று வைத்ததற்குக் காரணம் பக்தி இல்லை. லெந்து காலத்தில் செத்தால் நாற்பது நாள் பிரசங்கத்துக்கும் நான்தான் உதாரணம்.

நாளைக் குறித்ததும் ஒன்று நடந்தது. தாகம் பாதியாகிவிட்டது. இன்னும் இத்தனை நாள் என்று தெரிந்தால் உடம்பு அடங்குகிறது. முகம் தெளிந்திருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். விசுவாசம், பொறுமை என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அந்த வாரமே, புதன்கிழமை காலை, ஆம்பூர் ஸ்டேஷனில் எனக்கு எதிர் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. வயது நாற்பதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். முகத்தை இப்போது நினைத்தாலும் சட்டைதான் ஞாபகம் வருகிறது. மடியில் ஒரு கண்ணாடி பாட்டில். அதில் சிவப்பாக ஒரு கோடு. கோடு வரை தண்ணீர்.

என் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். பையைத் திறந்து பார்த்தேன். என்னுடையது உள்ளேதான் இருந்தது. ரயில் வரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து, பாட்டிலைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, ரயில் பக்கம் வராமல் பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்து போனார். கூப்பிட்டிருக்கலாம். நான் செய்தது வேறு. யார் எச்சிலோ என்று பார்க்காமல், ஒரு மாஜி ஞாயிறுபள்ளி ஆசிரியன், அந்த எழுநூறு மில்லியையும் நின்ற நிலையில் குடித்தேன். பச்சைத் தண்ணீர். குளிர்ச்சியாக இருந்தது. காலி பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடிப்போய் ரயில் ஏறினேன்.

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். ஒரு சொட்டு அதிகம் குடித்தாலும் அந்த மேடை காட்டிக்கொடுத்துவிடும். திட்டு வாங்கத் தயாராக ஏறினேன். ஏறவேண்டிய முக்கால் கிலோ ஏறவில்லை. இறங்கி, செருப்பைக் கழற்றி, மறுபடி ஏறினேன்.

"கம்மியாத்தான் சார் இருக்கு. சந்தோஷப்படுங்க" என்றார் டெக்னீஷியன்.

மூன்றாம் முறை ஏற அவர் விடவில்லை.

என் பக்கத்துப் படுக்கைக்காரர் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய். மூன்று வருஷமாக அதே படுக்கை. அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படுக்கை காலியானால், அதில் இருந்தவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கமாட்டோம். ஷிஃப்ட் மாறிட்டாரு என்று நர்ஸ் சொல்லுவார். எல்லாருமே கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்தவர்கள், தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வோம். பிளாட்பாரத்து ஆளைப் பற்றி பாயிடம் சொல்லவில்லை. என் முடிவை மட்டும் சொன்னேன்.

"ஈஸ்டர்னா எப்போ?" என்றார்.

"ரம்ஜானுக்கு அப்புறம் ரெண்டு மூணு வாரம் கழிச்சி, பாய்."

"அப்போ எங்க வூட்டு பிரியாணிய துன்னுட்டுதான் போவீங்க. நல்ல முடிவு."

இயந்திரம் ஒரு மணி நேரம் சுற்றியது. தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"தோஸ்த், தேதி வச்சீங்களே. அத யாரு குடுத்தது?"

"நானேதான்."

"அதான பாத்தேன். மேலேருந்து வர்றது எதுவும் தேதி போட்டு வராது."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார்.

சாம்பல் புதன் முடிந்த ஞாயிறு, பெரிய வெள்ளிக்கு யார் யார் பேசுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள், சபையார் ஏழு பேர் ஆளுக்கு ஒன்றாகப் பேசுவது எங்கள் வழக்கம். எனக்கு ஐந்தாம் வார்த்தை விழுந்தது, தாகம். டப்பாவில் போட்ட ஏழு சீட்டிலும் அதையே எழுதியிருந்தார்கள் என்பது என் சந்தேகம். போதகர் என் கையைப் பிடித்து, "உங்க சாட்சிக்காக எல்லாரும் காத்திருக்கோம், பிரதர்" என்றார். அவர் குரல் கரகரவென்றிருந்தது. உதடு வெடித்திருந்தது.

அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் லெந்தும் ஏறக்குறைய ஒன்றாக ஆரம்பித்தன. பஜாரில் டீக்கடைகளுக்கு முன்னால் துணி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பகலில் ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. அது எப்போதும் பார்ப்பதுதான். எப்போதும் பார்க்காத ஒன்றும் நடந்தது. என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும் ஆட்டோக்காரர் எங்கள் சபைதான். அவர் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு பாட்டில் சொருகியிருந்தது. அதில் சிவப்புக் கோடு. மறுநாள் கம்பெனி வாட்ச்மேன் ஸ்டூலுக்கு அடியில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முன்வரிசைப் பெண்ணின் பைக்குள்ளிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. எல்லாவற்றிலும் ஒரே சிவப்பு, ஒரே உயரம்.

செவ்வாய்க்கிழமைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் ஒவ்வொரு வீடாக நடக்கும். டீயும் மிக்சரும் இல்லாமல் ஜெபக்கூட்டம் நடந்ததாக எங்கள் சபை வரலாற்றில் இல்லை. அன்று யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. பாடும்போது குரல்கள் மணலைத் தேய்ப்பதுபோல் கேட்டன. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பார்வையைத் தாழ்த்தினார்கள். விடைபெறும்போது ஒரு முதியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விடுபடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்னுடையது. என் வாயிலிருந்து மட்டும்தான் அது வரவேண்டும்.

யூரியா தலைக்கு ஏறினால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் உடனே சொல்லவேண்டும் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். நான் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு மூன்று வாரம்தான் பாக்கி. பைத்தியம் தெளிந்து சாவதைவிடப் பைத்தியத்தோடு சாவது சிரமம் குறைவு என்று கணக்குப் போட்டேன். மனைவியிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் பாட்டிலைக் கண்டால் என் பாட்டில் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பிறகு, பையில் இருப்பது என்னுடையதுதானா என்று.

ஒரு வியாழக்கிழமை அது கம்பெனிக்குள்ளேயே வந்தது. நான் தோல் பார்க்கும் மேஜை வடக்கு ஜன்னலோரம் இருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் பிரிவு. நான்கு மணி. பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். சில தையல் மிஷின்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. நிமிர்ந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம், வரிசை வரிசையாகக் குனிந்திருந்த தலைகளுக்கு நடுவே, பதினோரு பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேர் கையிலும் பாட்டில். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து, என்னைப்போலவே ஒரு வாய் குடித்து, என்னைப்போலவே வாயிலேயே வைத்திருந்து, மெல்ல விழுங்கினார்கள். மூடினார்கள். மிஷின்கள் மறுபடி ஓடின. யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

கையிலிருந்த ஆட்டுத்தோலை நான் முதல் தரத்தில் போட்டேன். அதில் மூன்று ஓட்டை இருந்ததாகச் சனிக்கிழமை சொன்னார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை தையல் பிரிவில் ஒரு கலவரம். சூப்பர்வைசர் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டார். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியும் அவர்தான். நூற்றைம்பது தையல்காரிகளைக் கண் பார்வையில் நடத்தும் மனுஷி. கம்பெனி வண்டியில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள், நான் போகும் அதே ஆஸ்பத்திரிக்கு. புதன்கிழமை என் வேளை முடிந்ததும் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு மேல்மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

"உக்காருங்கணா. கல்லாம். எட்டு மில்லிமீட்டராம்" என்றார். "ஈஸ்டர் அன்னிக்கு ஆண்டவரு கல்லற கல்ல உருட்டிப் போட்டாங்க. எனக்கு மிஷின் வச்சி ஒடைக்கணுமாம்."

"வெயில்ல தண்ணி குடிக்கலன்னா கல்லு வராம இன்னா வரும்?" என்று அறிவுரை சொல்ல ஆரம்பித்தேன். அப்போது படுக்கைப் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். பாட்டில் இருந்தது. சிவப்புக் கோடு இருந்தது. என் கை தானாகப் பைக்குள் போனது.

"பாத்துட்டீங்களா" என்றார்.

"இது நெஜமா இருக்குதா?"

"இன்னாணா கேள்வி இது? தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். நகத்தால் கோட்டைச் சுரண்டினேன். நெயில் பாலிஷ் தூளாக உதிர்ந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அறுவது பேருக்கு மேல ஆரம்பிச்சோம். இப்போ பாதி பேரு நிக்கிறாங்க. ஒருத்தர் பாரத்த ஒருத்தர் சொமக்கணும்னு சாம்பல் புதன் அன்னிக்கு பாஸ்டர் பிரசங்கத்துல சும்மா சொன்னாரு. நாங்க நெஜமா எடுத்துக்கிட்டோம். அப்புறம் அவரால தப்பிக்க முடியல, அவரும் சேந்துட்டாரு. வருஷா வருஷம் லெந்துக்கு கறி வேணாம், பூ வேணாம், சீரியல் வேணாம்னு உட்றோம். நான் சீரியல உட்டா ஆண்டவருக்கு இன்னாணா லாபம்? அதான் இந்த வருஷம் உங்க தண்ணி. உங்க அளவு, உங்க டைம். ஜெபத்துக்கு உங்க வீட்டுக்கு வரும்போது பாட்டில பாத்து வச்சிக்கிட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"உபவாசம் இருந்தா மூஞ்சில காட்டக்கூடாதுன்னு வேதத்துல இருக்குதே. அதுவுமில்லாம நீங்க எழுதிடுவீங்க."

"எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சின்னு நெனச்சிக்கிட்டு இருந்தேம்மா, ஒரு மாசமா."

அவர் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து, என்னைத் திட்டினார். நான் பார்த்த பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆட்டோக்காரர்? நம்ம ஆளு. வாட்ச்மேன்? நம்ம ஆளுதான். பாடகர் குழு? ஆமாம். ஸ்டேஷன் பெஞ்சில் வெள்ளைச் சட்டை?

"யாரது? எப்போ பாத்தீங்க?"

"சாம்பல் புதனுக்கு முன்னாடி. ஒரு ரெண்டு வாரம் இருக்கும்."

அவர் சொட்டு மருந்துக் குழாயைச் சரிசெய்வதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நாங்க முடிவே பண்ணலியேணா. நெயில் பாலிஷே சாம்பல் புதன் ஆராதன முடிஞ்சிதான் வாங்கினோம்." குழாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "அந்தத் தண்ணிய நீங்க குடிச்சீங்களா?"

பாட்டிலைப் பார்த்ததை மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒவ்வொரு கன்வென்ஷன் கூட்டத்திலும் என்னைச் சாட்சி சொல்ல மேடையில் ஏற்றிவிடுவார்கள்.

கிளம்ப எழுந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஒண்ணு கேக்கணும்ணா. நாங்க நாப்பது நாளுன்னு எண்ணிக்கிட்டே இருந்தோம். இன்னும் இருவது, இன்னும் பத்துன்னு. முடியப்போவுதுன்னு தெரிஞ்சா தாங்கிடலாம். உங்களுக்கு முடிவே இல்லியே. அத எப்டித் தாங்கறீங்க? அதத் தெரிஞ்சிக்கத்தான் நாங்க அளந்து குடிச்சிப் பாத்தோம். தெரியவே இல்ல. வெள்ளிக்கிழம நீங்க சொல்வீங்கன்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

மாடிப்படியில் இறங்கும்போது எனக்கு வந்தது கோபம். யார் இவர்களைக் கேட்டது? ஒரு மனிதன் தன் ரயிலைத் தவறவிடக்கூட உரிமை இல்லையா? இறங்கி முடித்தபோது கோபம் போய், பயம்தான் மிச்சம் இருந்தது. எந்தப் பொறுமையைத் தெரிந்துகொள்ள அந்த அம்மா கல்லை வரவழைத்துக்கொண்டாரோ, அந்தப் பொறுமை என்னிடம் இல்லை. நானும் அவர்களைப்போலவே நாளை எண்ணிக்கொண்டிருந்தவன்தான். அவர்கள் ஈஸ்டரன்று தண்ணீருக்குத் திரும்புவார்கள், நான் திரும்பமாட்டேன், அது ஒன்றுதான் வித்தியாசம்.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னையும் கூப்ட்டாங்க. போங்கடி பைத்தியக்காரிங்களான்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. தாகத்த பங்கு போட முடியுமா? எனக்கு வேல இருக்குது."

என் முடிவை அவளிடம் அப்போது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

பெரிய வெள்ளி என் டயாலிசிஸ் நாள். சனிக்கிழமைக்கு மாற்றித் தரமுடியுமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். சனிக்கிழமை நான்காம் படுக்கை காலி, அவரு ஷிஃப்ட் மாறிட்டாரு என்றார்கள். தலையை ஆட்டினேன்.

கோயிலில் பலிபீடத்துக்கும் பிரசங்க பீடத்துக்கும் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். கதவுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. அன்று காலையிலிருந்து மூன்று மணி வரை சபையில் யாரும் தண்ணீர் தொடுவதில்லை, அது பழைய வழக்கம். மூன்று மணிக்குப் பின்கட்டில் கஞ்சி ஊற்றுவார்கள். நான் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதில் மூன்று இடத்தில் சிரிக்கவேண்டும். இரண்டு மணிக்குப் பீடத்தில் ஏறிப் பார்த்தேன். கீழே வெடித்த உதடுகள். எல்லார் கண்ணும் என் வாயைப் பார்த்தன. மைக்கில் என் கையின் உறுமல் மெல்லக் கேட்டது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"எப்படித் தாங்குகிறேன் என்று கேட்டீர்கள். நாள் குறித்துக்கொண்டேன். ஈஸ்டருக்கு அப்புறம் டயாலிசிஸுக்குப் போவதாக இல்லை. நீங்கள் பொறுமை என்று நினைத்தது அதுதான். வேறு எதுவும் என்னிடம் இல்லை" என்றேன். எச்சில் இல்லாமல் நாக்கு நின்றது. கொஞ்சம் காத்திருந்தேன். "மூன்று மணிக்குக் கஞ்சி என்று நமக்குத் தெரியும். சிலுவையில் இருந்தவருக்கு மூன்று மணி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாமல்தான் தாகம் என்று சொன்னார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்காக நீங்கள் செய்தது போதும். தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள். இப்போதே."

ஒருவர்கூட அசையவில்லை. மின்விசிறிகள் மட்டும் சுற்றின. அசையாத அந்த முகங்களைப் பார்த்து, இவர்கள் இனி எப்போதுமே குடிக்கமாட்டார்கள், என் எதிரில் இப்படியே உட்கார்ந்து காய்ந்துபோவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அப்போது பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம். என் மனைவி எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. பையிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்துத் திறந்து, வீட்டில் குடிப்பதுபோலவே, அண்ணாந்து குடித்தாள். மடக் மடக்கென்று சுவரெல்லாம் கேட்டது. முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பாட்டிலை நீட்டினாள்.

பிறகு மூடிகள் திருகும் சத்தம் ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் போனது. ஒரு முழுக் கோயிலும் விழுங்கும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. இருநூறு தொண்டைகள் ஏறி இறங்கின. யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. ஏதோ பெரிய மிருகம் ஒன்று இருட்டில் தொட்டியில் வாய் வைத்துக் குடிப்பதுபோல் இருந்தது. அதன் எதிரில் நான் ஒருவன் மட்டும் காய்ந்த வாயோடு, கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறாம் வார்த்தையை அறிவிக்கவேண்டிய போதகர் அறிவிக்கவில்லை. அவரும் குடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும்போது மனைவி பாதி வழி வரை எனக்கு முன்னால் நடந்தாள்.

"ஊட்ல சொல்லாதத மைக்குல சொல்றீங்க" என்றாள்.

"சொல்ல வரல."

"எங்கிட்ட வரல. மைக்குல வருது." இன்னும் பத்தடி நடந்தாள். "நான் போங்கன்னும் சொல்லமாட்டேன், வாணாம்னும் சொல்லமாட்டேன். அழமாட்டேன். காலைல பைய கட்டி வைப்பேன். அவ்ளோதான்."

காலையில் பை வாசலில் இருந்தது. எடுத்துக்கொண்டு நடந்தேன். அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

நான்காம் படுக்கை ஜன்னலோரம் இருந்தது. புது நர்ஸ், பட்டியலைப் பார்க்காமல், பழைய ஆளின் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. "கைய நீட்டுங்க" என்றார் அதே பேரைச் சொல்லி. நீட்டினேன். அந்தப் படுக்கையில் மெத்தை ஓரிடத்தில் அழுந்தியிருந்தது, என்னைவிட உயரமான ஒருவரின் தோள் இருந்த பள்ளம். நான் அதற்குள் சரியாகப் பொருந்தவில்லை. நான்கு மணி நேரமும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் படுத்திருந்தேன். டெக்னீஷியன் ஊசியை எடுக்கும்போது கேட்டார்.

"திங்கக்கிழம உங்க பழைய பெட்டுக்கே வந்துர்றீங்களா சார்? இத இன்னொருத்தருக்குக் குடுக்கணும்."

திங்கள், ஈஸ்டருக்கு மறுநாள். "வர்றேன்" என்றேன்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த மனைவிக்கு அது கேட்டிருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எதுவரைக்கும்?"

"தெரியல."

அவள் தலையை ஆட்டினாள். பாலாற்று மணலில் வெயில் நடுங்கியது.

அன்று பிற்பகல் தாகம் முழுசாகத் திரும்பி வந்தது. நாளைக் குறிப்பதற்கு முன்னால் இருந்த அதே அளவு, ஒரு சொட்டுக்கூடக் குறையாமல். பக்கத்துத் தெருவில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாகத்தைப் பாதியாக்கும் வழி எனக்குத் தெரியும். ஒரு தேதியைச் சொல்லிக்கொண்டால் போதும், உடனே குறைந்துவிடும். கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பற்றி யோசித்தேன். பிறகு திங்கட்கிழமை காலை ரயிலுக்கு அலாரம் வைத்தேன். எல்லாத் திங்கட்கிழமைக்குமா என்று போன் கேட்டது. ஆம் என்பதை அழுத்த விரல் கொஞ்சம் தயங்கியது. அழுத்தினேன்.